பலூன் விற்றவர் டயருக்கு வந்த வழி

திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946-ஆம் ஆண்டு பலூன் செய்யும் தொழில் ஒன்று தொடங்கியது. குழந்தைகள் ஊதி விளையாடுகிற சாதாரண பலூன்தான். தொடங்கியவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. வசதியான குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தின் வங்கி 1938-ல் மூடப்பட்டதால் எல்லாவற்றையும் இழந்தவர். பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார் என்பார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1961-ல், அதே திருவொற்றியூரில் டயர் தயாரிப்பில் இறங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்பதன் சுருக்கம்தான் எம்.ஆர்.எஃப். இன்று இந்தியாவின் மிகப் பெரிய டயர் நிறுவனம் அது.

மேடைப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். பலூனில் ஆரம்பித்து டயரில் முடித்து, நடுவில் உழைப்பு, விடாமுயற்சி என்று இரண்டு சொற்களைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டும். ஒரு தொழில் தனக்குத் தெரியாத சந்தைக்குள் எப்படி நுழைகிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவருக்குப் பாடம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

1949 வாக்கில் பலூனோடு ரப்பர் பொம்மைகள், கையுறைகள், கருத்தடை உறைகள் ஆகியவையும் சேர்ந்தன. தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வந்தது. 1952-ல் டிரெட் ரப்பர் செய்யத் தொடங்கினார்கள். லாரி டயரின் மேல்பட்டை தேய்ந்து வழுக்கையாகிவிட்டால் டயரைத் தூக்கி எறிய மாட்டார்கள். புதிய ரப்பர் பட்டையை ஒட்டி இன்னொரு சுற்று ஓட்டுவார்கள். அந்தப் பட்டைதான் டிரெட் ரப்பர். 1950-களின் நடுப்பகுதியில் இந்தியாவில் விற்ற டிரெட் ரப்பரில் பாதி இவர்களுடையதாக இருந்தது. டயர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒவ்வொரு படியிலும் எது மாறியது, எது மாறவில்லை என்று பாருங்கள். பலூனும் கையுறையும் ஏறக்குறைய ஒரே வேலை: அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுத்து, உலர்த்தி, உரித்தெடுப்பது. செய்முறை அதே, வாங்குகிற ஆள் வேறு. பலூன் வாங்கியது பொம்மைக் கடைக்காரர். கையுறைக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கிறார். டிரெட் ரப்பரில் செய்முறை மாறிவிட்டது. ரப்பர் என்ற பொருளைப் பற்றிய அறிவு மட்டும் கூட வந்தது. அங்கிருந்து டயருக்குப் போனபோது பொருள் புதியது. தொழில்நுட்பத்துக்கு அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோக்க வேண்டியிருந்தது. ஆனால் லாரி முதலாளிகளும் டயர் கடைக்காரர்களும் பத்தாண்டுகளாகப் பழகியவர்கள். ஒரு கால் தரையில் இருக்கும்போதே மறுகாலைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கவில்லை.

புதிய சந்தைக்குள் நுழைவது பற்றி நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விரிவு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். புத்தாக்கம் என்றதும் ஆய்வுக்கூடம், வெள்ளை அங்கி, காப்புரிமை என்று மனம் ஓடுகிறது. அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல்லை வேறு விதமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். புதிய பொருள் செய்வது ஒரு வகை மட்டுமே. பழைய பொருளைப் புதிய முறையில் செய்வது, புதிய சந்தையைத் திறப்பது, மூலப்பொருளுக்குப் புதிய இடத்தைக் கண்டுபிடிப்பது, தொழிலை நடத்தும் ஏற்பாட்டையே மாற்றுவது ஆகியவையும் அவர் கணக்கில் புத்தாக்கம்தான். அப்படிப் பார்த்தால் புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, இருக்கும் பொருளை இதுவரை வாங்காதவர் கையில் சேர்த்துவிட்டாலும் அது புத்தாக்கமே.

இதற்குத் தமிழ்நாட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உதாரணம் ஷாம்பு பாக்கெட். தேய்ந்தாலும் நல்ல உதாரணம், விட மனமில்லை. பாட்டில் ஷாம்புவை மாதச் சம்பளக்காரர் வாங்கினார். தினக்கூலிக்காரரின் தலைக்கும் ஷாம்பு வேண்டும்தான்; ஆனால் ஒரு நாள் கூலியில் பாட்டில் வாங்க முடியாது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டமும் நடத்தினார். உள்ளே இருந்த திரவத்தில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. மாறியது அளவு. அளவு மாறியதும், அதுவரை யாருடைய கணக்கிலும் இல்லாத ஒரு கூட்டம் வாங்குபவராக மாறியது.

ஆகவே சந்தையைப் பற்றி யோசிக்கும்போது 'யார் வாங்குகிறார்கள்' என்பதைவிட 'யார் வாங்கவில்லை, ஏன்' என்ற கேள்வி அதிகம் கற்றுத்தரும். காசு இல்லையா? காசு இருந்தும் ஒரே தடவையில் அவ்வளவு கொடுக்க முடியவில்லையா? கடை தூரமா? எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லையா? வாங்கக் கூச்சமா? ஒவ்வொரு பதிலுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் விலையைக் குறைப்பதே மருந்து என்று நினைக்கிறவர்கள்தான் சீக்கிரம் கடையைக் கட்டுகிறார்கள்.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கருவாடு விற்கிறார். அவருடைய தொழிலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அம்மா காலத்திலிருந்து அதே தெரு, அதே கூடைகள்: நெத்திலி, வாளை, சுறா, வஞ்சிரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் நன்றாக இருக்கும். மற்ற மாதங்களில் பழைய முகங்கள் மட்டும். அந்த முகங்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் மாதவரம், பெரம்பூர்ப் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கருவாட்டுக் குழம்பு என்றால் அவர்களுக்கும் நாக்கு ஊறும். ஆனால் வாங்குவதில்லை.

ஏன் என்று அக்கா இரண்டு மூன்று பேரிடம் நேரடியாகவே கேட்டார். விலை என்று ஒருவரும் சொல்லவில்லை. பஸ்ஸில் கொண்டுபோனால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கிறார். வீட்டில் தலை கிள்ளி, மண் போகக் கழுவ நேரமில்லை. மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்தால் பாலுக்கும் வாடை ஏறிவிடுகிறது. மூன்று காரணம், மூன்றும் கருவாட்டின் சுவையைப் பற்றியவை அல்ல.

தலை கிள்ளி, சுத்தம் செய்த நெத்திலியை, ஒரு குழம்புக்கு வேண்டிய 200 கிராம் அளவில், காற்று எடுத்து ஒட்டிய பாக்கெட்டில் போட்டுப் பார்க்க முடிவு செய்தார். முதல் தடவை பாக்கெட்டுக்கு வெள்ளிநிறக் கவர் வாங்கினார். பளபளப்பாக, பெரிய கம்பெனிச் சரக்கு போல இருந்தது. எடுத்துப் பார்த்தவர்கள் திருப்பிப் பார்த்தார்கள், அமுக்கிப் பார்த்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். "தம்பி, கருவாட்டைக் கண்ணால் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? நானே வாங்க மாட்டேனே" என்று பிறகு அவரே சிரித்தார். அடுத்த தடவை உள்ளே இருப்பது தெரிகிற கவர். அது நகர்ந்தது.

விலை வைப்பதில் இன்னொரு சறுக்கல். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நெத்திலிக் கருவாடு கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராமுக்கு 80 ரூபாய், கவர் செலவு சேர்த்து 100 ரூபாய்க்கு விற்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தலையும் தூளும் கழிந்தால் ஒரு கிலோ முக்கால் கிலோவாகிவிடுகிறது. அப்போது 200 கிராமின் அடக்கம் 107 ரூபாய். கவர், மெஷின், கிள்ளுகிற பெண்களுக்குக் கூலி எல்லாம் சேர்ந்து 15 ரூபாய் என்றால் 122. நூறு ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 22 ரூபாய் நட்டம், விற்க விற்க நட்டம் பெருகும். 150 வைத்தால்தான் 28 ரூபாய் கையில் நிற்கும். புதிய சந்தைக்குப் போகிறவர்கள் பழைய சந்தையின் விலைப்பட்டியலைக் கையோடு எடுத்துப்போவது மிகவும் சாதாரணமாக நடக்கிற தவறு. அங்கே விற்பது வேறு பொருள். அக்கா விற்பது கருவாடு மட்டுமல்ல, மிச்சமாகிற அரைமணி நேரமும், வாடை வராத கைப்பையும்.

இன்னொன்று: கூடையில் வைத்து விற்றவரை இல்லாத வேலைகள் பாக்கெட்டோடு வந்தன. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, பாக்கெட்டின் மேல் அடைத்த தேதி, எடை, விலை. இவற்றுக்கும் நாளும் பணமும் போகும். தொடங்கும்போது யாரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த அக்காவின் முன்னால் இருந்த வழிகளை ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன இகோர் ஆன்ஸாஃப் 1957-ல் நான்கு கட்டங்களாக வரைந்து காட்டிவிட்டார். மேலாண்மைப் படிப்பில் இன்றும் முதல் ஆண்டிலேயே சொல்லித்தருவார்கள். அதே கருவாட்டை அதே தெருவில் இன்னும் அதிகம் விற்கப் பார்ப்பது முதல் கட்டம். ஆபத்து குறைவு, வளர்ச்சியும் குறைவு. அதே தெரு ஆட்களுக்குக் கருவாட்டுத் தொக்கு செய்து விற்பது இரண்டாவது: பொருள் புதிது, ஆள் பழையவர். அதே கருவாட்டை மாதவரத்து அடுக்குமாடிக்குக் கொண்டுபோவது மூன்றாவது: பொருள் பழையது, ஆள் புதியவர். நான்காவது, அண்ணா நகரில் பழச்சாறு கடை போடுவது. பொருளும் புதிது, ஆளும் புதியவர். நான்காவது கட்டத்தில் யாருமே ஜெயித்ததில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே தவறு நேர்ந்தால் தவறு பொருளிலா, ஆளிலா என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் எது பழுது என்பது தெரியும். வெள்ளிநிறக் கவர் விஷயத்தில் அக்காவுக்கு ஒரே வாரத்தில் விடை கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

அறிமுகமே இல்லாத பொருளை அறிமுகமே இல்லாதவர்களிடம் விற்றவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1960-களில் பர்மாவின் ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1969-ல் அவர்களுக்காக ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வந்தது. பாரிமுனையை ஒட்டிய தெருக்களில் அத்தோ வண்டிகள் வந்ததும் இவர்கள் வழியாகத்தான். பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் பிசைந்த கலவை என்று பொருள். இட்லி, தோசை, பிரியாணி தெரிந்த ஊரில், ஆறிய நூடுல்ஸைக் கையால் பிசைந்து கொடுத்தால் யார் சாப்பிடுவார்கள்?

வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் விடை தெரியும். நூடுல்ஸ், மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரியல் வடை. இவற்றோடு புளித்தண்ணீரும் மிளகாய்த் தூளும் விழுகின்றன. பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டி. நூடுல்ஸ் அந்நியம், புளி, மிளகாய், வாழைத்தண்டு மூன்றும் நம் அடுப்படிச் சரக்கு. நாக்கு பிடித்துக்கொள்ள ஏதாவது தெரிந்தது வேண்டும், அது இருந்தது. முதலில் தேடி வந்து சாப்பிட்டவர்கள் பர்மாவிலிருந்து திரும்பியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவர்கள் நின்று சாப்பிடுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நின்றிருப்பார்கள். பக்கத்திலேயே துறைமுகம், அலுவலகங்கள், பஸ் நிலையம். வயிற்றுப் பசிக்குப் பஞ்சமில்லை.

புதிய பொருள் மக்களிடம் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்த எவரெட் ராஜர்ஸ் 1962-ல் இதற்கு ஒரு கணக்கே கொடுத்தார். நூறு பேரில் இரண்டு மூன்று பேர் எதையும் முதலில் பார்த்துவிடத் துடிப்பவர்கள். அடுத்த பதின்மூன்று பதினான்கு பேர் யோசித்து, ஆனால் சீக்கிரம் வாங்குபவர்கள். இவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருகிறார்கள். கடைசிப் பதினாறு பேர் வேறு வழியில்லாதபோது வருவார்கள். ராஜர்ஸ் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா புதிய இயந்திரங்களை ஆசையோடு வாங்குவார். ஒட்டுரக மக்காச்சோள விதையை மட்டும் நம்பவில்லை. 1936 வறட்சியில் பக்கத்து வயலில் ஒட்டுரகம் நிமிர்ந்து நிற்க, இவர்கள் வயல் வாடிப்போனது. ஒரே மனிதர் ஒன்றில் முந்துபவராகவும் இன்னொன்றில் பிந்துபவராகவும் இருக்க முடியும். ஆகவே 'இளைஞர்கள் வாங்குவார்கள், முதியவர்கள் வாங்க மாட்டார்கள்' என்று மொத்தமாகக் கோடு போடாமல் இருப்பது நல்லது.

பெரிய நிறுவனங்களுக்கு வருவோம். 1948-ல் தொடங்கி எண்ணூரில் ஆலை அமைத்த அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களின் பாகங்களைப் பூட்டி முழு வண்டியாக விற்க வந்த நிறுவனம். 1950-ல் பிரிட்டனின் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கனரக வாகனங்களின் பக்கம் திரும்பியது; 1955-ல் பெயரே அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. தொடங்கிய தொழிலிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற எவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் கார் நினைவுக்கு வராது.

புல்லட்டின் கதை இன்னும் சிக்கலானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட்டைப் பூட்டத் தொடங்கியது. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் பின்னாளில் மூடிவிட்டது. திருவொற்றியூர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ராணுவம், போலீஸ், சில பைத்தியக்காரப் பிரியர்கள் என்று ஒரு சின்ன வட்டம். 2000 வாக்கில் இதை மூடிவிடலாம், விற்றுவிடலாம் என்ற பேச்சு உரிமையாளர்களிடமே இருந்தது. அப்போதுதான் 26 வயது சித்தார்த்த லால் பொறுப்புக்கு வந்தார்.

அவருக்கு எதிரே இருந்த சிக்கலைக் கவனியுங்கள். புல்லட்டை வாங்காதவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை: எண்ணெய் ஒழுகும், உதைத்துக் கிளப்ப வேண்டும், கியர் வலது காலில். புல்லட்டை வாங்கியவர்களோ அதே குறைகளைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலது கால் கியர் இல்லாவிட்டால் அது புல்லட்டா என்றார்கள். புதியவர்களுக்காக மாற்றினால் பழையவர்கள் போய்விடுவார்கள். மாற்றாவிட்டால் புதியவர்கள் வரமாட்டார்கள். பல தொழில்கள் இந்த முட்டுச் சந்தில்தான் நிற்கின்றன. 2009-ல் வந்த கிளாசிக் 350 இதற்கு ஒரு விடை. தொட்டி, விளக்கு, இருக்கை எல்லாம் பழைய காலத்துத் தோற்றம். உள்ளே எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாக அமைந்த புதிய எஞ்சின், பொத்தானை அழுத்தினால் கிளம்பும், கியர் இடது காலில். வாடிக்கையாளர் எதை நேசிக்கிறார், எதைச் சகித்துக்கொள்கிறார் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நேசிப்பதில் கை வைக்கவில்லை. சகித்ததை எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் இப்படித் திரும்பிவிடுவதில்லை. பெரம்பூரின் பின்னி ஆலை 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சாயம் போகாத காக்கித் துணிக்குப் பெயர்பெற்றது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. விசைத்தறியும் செயற்கை இழையும் வந்தபின் தடுமாறி, 1990-களில் மூடியது. காரணம் ஒன்றல்ல, ஒரு பத்தியில் அடங்குவதும் அல்ல. திருவொற்றியூர்ப் பக்கம் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் 2021-ல் திறந்த மெட்ரோ நிலையத்தில் நிற்கிறது. விம்கோ நகருக்கு டிக்கெட் எடுக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தீப்பெட்டி என்று தெரியும்?

அந்த மெட்ரோவும் சந்தையை மாற்றுகிற விஷயம்தான். சந்தை என்பது எப்போதும் நாமாகத் திறப்பதில்லை; சில சமயம் பாதை வந்து திறந்துவிடுகிறது. பாக்கெட் வந்த பிறகு கருவாடு வாங்க வரும் பிள்ளைகளில் சிலர் மெட்ரோவில்தான் வருகிறார்கள் என்று அக்கா சொன்னார். குளிரூட்டிய பெட்டியில் கருவாட்டுக் கூடையோடு ஏற யாருக்கும் துணிவு வராது. ஒட்டிய பாக்கெட் என்றால் கைப்பையில் போகும்.

போன மாதம் வேளச்சேரியிலிருந்து ஒருவர் வாரம் 100 பாக்கெட் கேட்டு வந்தாராம். நானாக இருந்தால் உடனே தலையாட்டியிருப்பேன். அக்கா மொட்டைமாடியைக் காட்டினார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இரண்டு வாரம் வெயிலே இருக்காது. சரியாகக் காயாத மீனைக் காற்றெடுத்து ஒட்டினால் உள்ளேயே கெட்டுவிடும். நூறு பாக்கெட்டில் பத்து கெட்டாலும் மாதவரத்துக்காரர்கள் காதுக்குப் போய்விடும். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடையில் ஒரு சின்ன உலர்த்தி இயந்திரத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.